நாற்பத்தேழாவது நிமிடம்

ஒரு நாள் வாடகை ஒன்றரை வெள்ளி.
பிந்தினால் ஐம்பது காசு அபராதம்.
தவுக்கே மாட்டிவைத்த பலகைக்குக் கீழே
சனிக்கிழமைதோறும் நால்வர் வந்து நிற்பார்கள்.
செம்பனை ஆலையின் வாடை
அவர்களுக்கு முன்னால் கடைக்குள் வந்துவிடும்.

"அக்கா, அந்தத் தெற்கத்தி பேண்ட்."
வேறு எதையும் கேட்டதில்லை,
மறைமலை, அருள்தாஸ், சோலையப்பன்,
எண்ணி எண்ணிப் பேசும் பெஞ்சமின்.
அமெரிக்காவில் தெற்கு எந்தப் பக்கம் என்று
ஒருநாள் கேட்டுவைத்தேன்.
"நம்ப பக்கந்தான்க்கா,
நாமளும் தெக்கேருந்து வந்தவங்கதானே"
என்றான் சோலையப்பன்.
பகாவ் கடைத்தெரு முழுக்கக் கேட்கிற சிரிப்பு.

உறை வெளுத்த டேப்.
எங்கோ ஒரு மைதானம், மாலை வெயில்,
முடி வளர்த்த ஆறு ஆண்கள்.
மூன்று கிட்டார்கள் ஒரே நேரத்தில் பேசும்,
சண்டைக்கார அண்ணன் தம்பிகள்
ஒரே தட்டில் கைவைத்ததுபோல.
கடைசிப் பாட்டு பதினொரு நிமிடம்.
முதலில் யாரையோ வழியனுப்புகிற நடை,
பிறகு அனுப்பியவனே
ரயிலைத் துரத்திக்கொண்டு ஓடுவான்.

ரிவைண்ட் செய்துதான் திருப்பித் தரவேண்டும்.
அதுவும் பலகையில் இருக்கிறது.
அவர்கள் செய்ததில்லை, நான்தான் சுற்றுவேன்.
எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை வைத்தே
அந்த வாரம் எப்படிப் போயிற்றென்று சொல்லிவிடலாம்.
சம்பளம் போட்ட வாரம் இறுதிவரை ஓடியிருக்கும்.
ஓவர்டைமை வெட்டிய வாரம்
கிட்டார் எகிறும் இடத்துக்கே
போய்ப் போய் வந்திருப்பார்கள்.
அங்கே டேப் தேய்ந்து
படத்தில் வெள்ளைக் கோடுகள்.
மைதானத்தில் மழை பிடித்துவிட்டதென்றே
அருள்தாஸ் நெடுநாள் நினைத்திருந்தானாம்.

கடை சாத்திய ஓர் இரவு
கணக்கு இடித்தது.
தவுக்கே சிரம்பானுக்குப் போயிருந்தார்.
கொசுவத்தியைக் கொளுத்திவிட்டு
சத்தத்தைக் குறைத்து
அப்படி என்னதான் இருக்கிறதென்று போட்டுப் பார்த்தேன்.

நாற்பத்தேழாவது நிமிடம்.
ஆண்களுக்குப் பின்னால் மூன்று பெண்கள்,
கூடப் பாடுகிறவர்கள்.
ஓரத்தில் நிற்பவள் என் நிறம்.
கேமரா தப்பித்தவறி அவள்மேல் விழுகிறது,
நான்கு வினாடி, மிஞ்சினால் ஐந்து.
கழுத்தில் ஒரு கொசுவை அடிக்கிறாள்.
உள்ளங்கையைப் பார்க்கிறாள்.
பாவாடையில் துடைக்கிறாள்.
சரியான இடத்தில் வாயைத் திறக்கிறாள்.

அவ்வளவுதான்.
ரிவைண்ட் செய்தேன்.
அங்கேயும் கொசு.
இன்னொரு முறை.
மறுநாளும்,
அதற்கடுத்த வாரம் கணக்கு இடிக்காதபோதும்.

அவளுக்குப் பின்னால் மேடையை அடைத்து ஒரு கொடி,
சிவப்பின் மேல் நீலப் பெருக்கல்குறி, நட்சத்திரங்கள்.
மறைமலை அதைத் தன் மோட்டார் டேங்கில்
பெயிண்டால் வரைந்திருந்தான்,
நட்சத்திரம் இரண்டு அதிகமாக.
யார் எதைக் காப்பாற்றப் பிடித்த கொடி என்பதை
பல வருடம் கழித்து
வடை சுற்றி வந்த ஒரு ஞாயிறு மலரில் படித்தேன்.
பருத்திக்காடு, கங்காணி, விலைக்குப் போன பிள்ளைகள்.
எண்ணெய் ஊறி மீதி வரிகள் தெரியவில்லை.
ரப்பர்க்காட்டில் பிறந்தவளுக்கு
மீதி வரிகள் வேண்டியிருக்கவில்லை.
படம் முழுக்க
அவள் ஒருமுறைகூடத் திரும்பி அதைப் பார்க்கவில்லை.
பின்னால் இருப்பது தெரியாமலா?

ஆனால் அது பிறகு.
அப்போது, ஒரு சனிக்கிழமை,
சோலையப்பன் டேப்பைத் தட்டிக்கொண்டே கேட்டான்:
"நடுவுலயும் கோடு விழுதேக்கா.
நாங்க அங்க நிறுத்தறதே இல்லையே."
"பழைய டேப்பு," என்றேன்.
"பேச்ச மாத்தாம அபராதத்த எடு."

மூவரும் பாக்கெட்டைத் துழாவினார்கள்.
பெஞ்சமின் மட்டும் என்னையே பார்த்தான்.
பிறகு மெல்லக் கையைத் தூக்கி
தன் கழுத்தில்
இல்லாத ஒரு கொசுவை அடித்தான்.